பூவாத்தாள் தன் பூனைக்காக வாதாடிய கதை

வேலந்தாவளத்து மாட்டுச் சந்தைக்கு வந்துபோகிற எல்லோருக்கும் பூவாத்தாளைத் தெரியும். சந்தைத் திடலை ஒட்டிப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் தவிடும் விற்கிற கடை அவளுடையது. கடைக்குப் பின்னால் வேலி போட்ட ஒரு களம். சந்தையில் மாடு வாங்கினவர்கள் அன்றைக்கே ஊருக்கு ஓட்டிப்போக முடியாவிட்டால் அந்தக் களத்தில் கட்டிவிட்டுப் போவார்கள். தீனியும் தண்ணீரும் அவள் பொறுப்பு. மாட்டுத் தரகர்களோடு இருபது வருஷம் பேசிப் பேசி அவள் வாய் நன்றாகத் தீட்டின அரிவாளாகியிருந்தது.

அவள் வாதாடித் தோற்றதாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. தன்மேல் தப்பு என்று அவள் ஒத்துக்கொண்டதாகவும் ஞாபகம் இல்லை. "தப்பே பண்ணாதவிய ரெண்டு பேருங்க. ஒண்ணு மாரியாத்தா, இன்னொண்ணு பூவாத்தா" என்று அவள் புருஷன் சென்னியப்பன் சொல்வான். அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டுதான் சொல்வான்.

ஆனால் சென்னியப்பன் உயிரோடு இருந்து இப்படிக் கேலி பேசுவதே அவள் வாயின் புண்ணியத்தில்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் நிலக்கடலைக்குப் பூச்சிமருந்து அடிக்கிறேன் என்று சட்டையைக் கழற்றிவிட்டு, காற்று வருகிற திசையைப் பார்த்து நின்று அடித்தான். மத்தியானத்துக்குள் வாயில் எச்சில் ஒழுக, கைகால் வெடவெடக்க, வரப்பில் சாய்ந்துவிட்டான். வண்டி பிடித்து மாநில எல்லையைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு சின்ன டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கள் குடித்தவன், ஓரமாகப் போடு என்றார். பூவாத்தாள் அவர் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். கையை எடு என்று நாலு பேர் சொல்லியும் எடுக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த பெரிய டாக்டர் டார்ச் அடித்துச் சென்னியப்பன் கண்ணைப் பார்த்தார். கண்ணின் கருமணிப் பாப்பா கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. உடனே ஊசி போட்டார்கள். பிறகு அரை மணிக்கு ஒருதரம் போட்டார்கள். "இந்தப் பாப்பா விரியுதான்னு பாத்துக்கிட்டே இரும்மா. விரிஞ்சா பொழைச்சான்" என்றார் பெரிய டாக்டர். அவள் மூன்று நாள் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவ்வளவு நேரம் பார்த்தது அப்போதுதான்.

இப்போது பூனைக்கு வருவோம். அதன் பெயர் மணியகாரன். சாம்பல் நிறக் கடுவன். காலையில் கடையைத் திறந்ததும் மூட்டை மூட்டையாக மோந்து பார்த்து, வாலை நிமிர்த்திக்கொண்டு வரிவசூலுக்கு வந்த அதிகாரி மாதிரி ஒரு சுற்று வரும். அதனால் அந்தப் பெயர். அது வந்த பிறகு கடையில் எலி மூட்டையைக் கடிப்பது நின்றுபோனது. எலிக்காகத்தான் வளர்க்கிறேன் என்று பூவாத்தாள் எல்லோரிடமும் சொல்வாள். அது பொய். பூனை மடியில் வந்து படுத்தால் வாடிக்கையாளர் வந்து நின்றாலும் அவள் எழுந்திருக்க மாட்டாள். "வேணுங்கறதை நீங்களே எடுத்துக்குங்க" என்பாள்.

எழுபத்து நாலாம் வருஷம், சந்தைக்கு மறுநாள் காலையில் மணியகாரன் சுற்று வரவில்லை. தவிட்டு மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. வாயிலிருந்து நூலாக எச்சில் ஒழுகியது. உடம்பு விட்டுவிட்டு உதறியது. தூக்கிக் கூடையில் வைக்கும்போது அவள் கட்டைவிரல் அடியில் பல் இறங்க ஒரு கடி கடித்தது. கடித்த வலி அவளுக்கு உறைக்கவே இல்லை. இத்தனை நாளில் அது அவளைக் கடித்ததே கிடையாது, அதுதான் உறைத்தது. முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு கூடையோடு ரோட்டுக்கு வந்தாள்.

"கோழின்னா ஏத்திக்கலாங்க. பூனை சகுனம் ஆகாதுங்க" என்றார் பஸ் கண்டக்டர்.

"உன்ற வண்டி போற சீருக்குச் சகுனம் வேற கெடோணுமாக்கும்!" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். மூன்று மைல். மிருகாஸ்பத்திரி எந்த ஊரில் இருந்தது என்பது நமக்கு வேண்டாம்.

அங்கே டாக்டர் சாம்பசிவன் இருந்தார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், முப்பத்தைந்து வயது, கைராசிக்காரர் என்று சித்தூர் தாலுகா முழுக்கப் பேர். ஆனால் மாட்டுக்கு. அந்தக் காலத்தில் பூனைக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லி யாராவது போனால், ஆட்களுக்குச் சிரிக்க ஒரு வாரத்துக்குப் போதும். வராந்தாவில் எருமையோடு நின்றிருந்தவர்கள் சிரிக்கத்தான் ஆரம்பித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. கூடையின் மூடியைத் தூக்கின மறுகணமே மூன்றடி பின்னால் போனார்.

"மூடுங்கோ! கையை எடுங்கோ! இது பேவிஷமாக்கும்!"

வராந்தா காலியாகிவிட்டது. எருமையைக்கூட விட்டுவிட்டு ஓடினார்கள்.

பேவிஷம் என்றால் வெறிநாய்க்கடி நோய். டாக்டர் பயந்ததில் குற்றம் சொல்ல முடியாது. அந்த மாதம்தான் ஒரு வெறிநாய் சந்தைக்குள் புகுந்து இரண்டு கன்றுகளைக் கடித்திருந்தது. அதோடு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பசு எச்சில் ஒழுக நின்றபோது, தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்த்தவர் அவர். அடைப்பு இல்லை, பேவிஷம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டார். அந்த ஊசியைப் பற்றிப் பேசினாலே அவர் கை தானாக வயிற்றைத் தொடும். இப்போதும் தொட்டது.

"அலவி, சாக்கு எடுத்துண்டு வா. கம்பும் கொண்டுவா" என்றார்.

அலவி ராவுத்தர் அந்த ஆஸ்பத்திரியின் அட்டெண்டர். பூவாத்தாள் கடையில் புண்ணாக்கு வாங்குகிறவர். சாக்கை எடுத்து வந்தாரே ஒழிய, பூவாத்தாளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூண் அருகிலேயே நின்றுவிட்டார்.

"இது பேயில்லீங்க சார்" என்றாள் பூவாத்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்று அவளுக்கே தெரியவில்லை. எந்த வாதத்திலும் முதலில் இல்லை என்று சொல்லிவிட்டு, காரணத்தைப் பிறகு தேடுவது அவள் வழக்கம். கூடையை நிழலான மூலைக்குத் தள்ளி வைத்து, மூடியைக் கொஞ்சம் நீக்கிக் குனிந்து பார்த்தாள். மணியகாரனின் கண்ணில் பாப்பா நூல் கீற்றாக இருந்தது. அவள் மறுபடி பார்த்தாள். கடைக்குள் இருட்டில் அந்தக் கண் பூந்திக்கொட்டை மாதிரி உருண்டு கறுத்திருக்கும். உச்சிவெயிலில்தான் கீற்றாகும். இங்கே நிழல், கூடைக்குள் அதைவிட இருட்டு. பாப்பா விரியவே இல்லை.

எச்சில், உதறல், சுருங்கின பாப்பா. நாலு வருஷத்துக்கு முன்னால் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்த கண் இது.

அப்படியானால் மருந்து. எந்த மருந்து? அதைக் கேட்டுக்கொண்டபோதுதான் அவளுக்கு நேற்றைய பக்கெட் ஞாபகம் வந்தது.

சந்தையில் வாங்கின மாட்டை உண்ணியோடு தொழுவத்தில் ஏற்றக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பூவாத்தாள் களத்தில் ஒரு பக்கெட்டில் உண்ணி மருந்து கலக்கி, கட்டியிருக்கிற மாட்டையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் அனுப்புவாள். மிச்சம் இருப்பதை வேலந்தாவளத்தில் யாரும் கொட்ட மாட்டார்கள். காசு போட்டு வாங்கினதைக் கொட்டினால் லட்சுமி போய்விடுவாள். ஆட்டுக்கு ஒரு துடைப்பு, நாய்க்கு ஒரு துடைப்பு, அதற்கும் மேலே மிஞ்சினால் மூட்டைப்பூச்சிக்குக் கட்டில் கால். நேற்றைக்கு மணியகாரன் தெள்ளுப்பூச்சியில் சொறிந்துகொண்டிருந்தது. மாட்டுக்கு ஆகிறது பூனைக்கு ஆகாதா என்று துணியை நனைத்து அதையும் தலையிலிருந்து வால்வரை துடைத்துவிட்டாள். மாடு தன் உடம்பை அங்கே ஒரு நக்கு, இங்கே ஒரு நக்கு நக்கும். பூனை அப்படியா? ஒரு மயிர் விடாமல் நக்கித் தன்னைச் சுத்தம் பண்ணிக்கொள்ளும். ராத்திரி முழுக்க அது அவள் தடவின விஷத்தை நக்கித் தின்றிருக்கிறது.

சொல்லாமலே இருக்கலாம். எங்கேயோ மருந்து தின்ற எலியைப் பிடித்திருக்கும் என்று சொல்லலாம். அது வாய்வரை வந்தது. வழக்கமான பூவாத்தாள் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் எலிமருந்து வேறு, இது வேறு. தப்பான பேர் சொன்னால் தப்பான ஊசி போடுவார்கள்.

"உண்ணி மருந்துங்க சார்" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "மாட்டுக்குக் கலக்குனதுல மிச்சத்தை இதும்மேல தொடச்சு உட்டுட்டனுங்க. நாந்தானுங்க. என்ற கையாலதானுங்க."

அலவி ராவுத்தர் வாயைப் பிளந்தார். பூவாத்தாள் 'நான்தான்' என்று சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல்முறை.

டாக்டர் நம்பவில்லை. "பூனையைக் காப்பாத்தறதுக்கு நீங்கோ எதுவும் சொல்லுவேள்" என்றார். அவரும் சந்தையில் அவள் பேச்சைக் கேட்டிருக்கிறார். கிழட்டு எருமையைக் கிடாரி என்று நம்பவைக்கிற தரகர்களையே மடக்குகிற வாய் அது.

"என்ற பேச்சை நம்ப வேண்டாங்க. அதும் கண்ணை நம்புங்க. உள்ளே இருட்டு ரூம்பு இருக்குதல்லங்க? அங்க வெச்சுப் பாருங்க. பூனைக்கண்ணு இருட்டுல விரியோணுமா வேண்டாமா? நீங்க படிச்சவிய, நீங்களே சொல்லுங்க. விரிஞ்சிருந்தா ராவுத்தர் சாக்கைக் கொண்டாரட்டும். நான் ஒரு வார்த்தை பேசலைங்க."

மருந்து அறையில் ஜன்னலைச் சாத்தினார்கள். பூவாத்தாள் பூனையை மடியில் வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் தூரத்திலிருந்து டார்ச்சை ஒரு நொடி அடித்து அணைத்தார். மறுபடி அடித்தார். பிறகு கிட்டே வந்தார். இரண்டு கண்ணிலும் நூல் கீற்றுதான். அதன் உடம்பை மோந்து பார்த்தார். உண்ணி மருந்தின் பூண்டு வாடை மயிரில் இருந்தது. "சரியாக்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மருந்து அலமாரியில் இருந்தது. மாட்டுக்கு எவ்வளவு என்று அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பூனைக்கு எவ்வளவு? புத்தகத்தைப் புரட்டினார். கிலோவுக்கு இவ்வளவு என்று இருந்தது. மாட்டை நெஞ்சுச் சுற்றளவு பார்த்து எடை சொல்கிற ஆஸ்பத்திரியில் பூனையை நிறுக்கத் தராசு ஏது?

பூவாத்தாள் மணியகாரனை ஒரு கையில் தூக்கிப் பார்த்தாள். "மூணு கிலோவுங்க. மேல ஒரு நூறு கிராம் வரும்."

"உத்தேசமா சொன்னாப் போதாது."

"சாரே, அக்கா தூக்கிப் பாத்துச் சொன்னா தராசு பொய் சொன்னாலும் சொல்லும், அவிய கை சொல்லாது" என்றார் அலவி ராவுத்தர். புண்ணாக்குக் கட்டியை உடைத்துக் கையிலேயே எடைபோட்டுக் கொடுக்கிற கடையில் பதினைந்து வருஷம் வாங்கியவர் அவர்.

டாக்டர் மூன்று கிலோவுக்கு அளந்து ஏற்றினார். ஊசி தொடையில் இறங்கியது. அந்த நொடியில், அதுவரை துணியாகக் கிடந்த மணியகாரன் எங்கிருந்து பலம் வந்ததோ, தலையைத் திருப்பி டாக்டரின் ஆள்காட்டி விரலைக் கவ்விவிட்டது.

 டாக்டர் விரலைப் பார்த்தார். இரண்டு சொட்டு ரத்தம். அவருடைய இன்னொரு கை வயிற்றுக்குப் போனது. அலவி ராவுத்தர் சாக்கை மெதுவாக விரித்தார். இந்த முறை அவர் பூவாத்தாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் குழாயடியில் போய் சோப்புப் போட்டுக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "நீங்கோ சொன்னது சத்தியந்தானா? மருந்து தடவினது?" என்று கேட்டார். கண்ணையும் வாடையையும் தானே பார்த்திருந்தும் கேட்டார். தன் உயிர் என்று வரும்போது மனிதன் இன்னொரு மனிதனின் வார்த்தையைத்தான் தேடுகிறான்.

பூவாத்தாள் கையில் சுற்றியிருந்த முந்தானையை அவிழ்த்தாள். கட்டைவிரல் அடியில் வீங்கிச் சிவந்திருந்தது. நாலு பல் பதிந்த தடம்.

"காலம்பறயே என்னையுங் கடிச்சிருச்சுங்க. பேயா இருந்தா மொதல்ல நானுங்க, அப்பறந்தான் நீங்க."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொல்லியிருந்தா கூடையைத் தொறந்திருப்பீங்களா?"

டாக்டர் யோசித்தார். நேர்மையான மனிதர். "தொறந்திருக்க மாட்டேன்" என்றார். பிறகு அவளையும் குழாயடிக்கு விரட்டிச் சோப்புப் போடச் சொன்னார். ஸ்டூலை இழுத்துப் பூனைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பத்து நாளாக்கும் கணக்கு. இதுக்குப் பேவிஷம் இருந்தா பத்து நாளைக்குள்ளே செத்துப்போகும். உயிரோட இருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் ஊசி வேண்டாம்."

"அப்ப இதைச் சாக உடமாட்டீங்க."

"விடமாட்டேன்" என்றார் டாக்டர். "அலவி, அந்தச் சாக்கைக் கொண்டுபோய் எங்கேயாவது போடு. வெந்நீர் வை."

அதன் பிறகு பூவாத்தாள் வாதாட வேண்டியிருக்கவில்லை. அரை மணிக்கு ஒருதரம் டாக்டரே டார்ச் அடித்தார். எச்சில் வற்றாததைப் பார்த்து இன்னொரு ஊசி போட்டார். சோப்பும் வெந்நீருமாக மூவரும் சேர்ந்து மணியகாரனைக் கழுவினார்கள். விஷத்தைக் கழுவாமல் ஊசி போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை என்றார். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறவர் அன்றைக்குப் போகவில்லை. எருமைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். மூன்று மணிக்கு ஜன்னலைச் சாத்திப் பார்த்தபோது அந்த நூல் கீற்று கொஞ்சம் அகன்று நெல்மணியாக இருந்தது. பூவாத்தாள் அழுதாள். சென்னியப்பனுக்குக் கண் விரிந்தபோது அழாதவள்.

மறுநாள் காலையில் எட்டு மணிக்கு டாக்டரின் சைக்கிள் வேலந்தாவளத்தில் கடை வாசலில் நின்றது. மணியகாரனுக்கு மறுபடி உதறல் எடுத்திருந்தது. இன்னொரு ஊசி. மூன்றாம் நாள் சொட்டுச் சொட்டாகப் பால் இறங்கியது. நாலாம் நாள் தானாக நக்கிக் குடித்தது. சர்க்கார் டாக்டர் தினமும் பூனையைப் பார்க்க வருகிறார் என்று ஊர் சிரித்தது. சென்னியப்பன் வந்தவர்களிடமெல்லாம், "என்ற ஊட்டுல எனக்கு ஒடம்பு சரியில்லைன்னா சுக்குக் கசாயம். பூனைக்குத்தானுங்க டாக்டரு" என்றான்.

அடுத்த சந்தை நாள் வந்தது. களம் நிறைய மாடு. பக்கெட்டில் உண்ணி மருந்து கலக்கி, துடைத்து முடித்து, மிச்சத்தைக் கேட்டு நாலைந்து பேர் துணியோடு நின்றார்கள். பூவாத்தாள் வேலி ஓரம் குழி தோண்டச் சொல்லி மொத்தத்தையும் அதில் கொட்டினாள். பிறகு தரகர்களும் வாங்கினவர்களும் இருந்த பக்கமாகத் திரும்பி, தீனிக்குக் கூவுகிற அதே குரலில் சொன்னாள்:

"எல்லாருங் கேட்டுக்குங்க. இதை மாட்டைத் தவிர ஒண்ணுக்கும் போடாதீங்க. நான் பூனைக்குப் போட்டுக் கொல்லப் பாத்தனுங்க. தப்பு என்றதுதான். சிரிக்கறவிய இப்பவே சிரிச்சுக்குங்க."

சிரிக்கத் துணிந்தவர் யாரும் இல்லை. சென்னியப்பன் மட்டும் தூரத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டான். அவனுடைய மாரியாத்தா சொலவடை அன்றோடு போயிற்று.

பத்தாம் நாள் டாக்டர் வந்தபோது மணியகாரன் மூட்டைகளை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பருத்திக்கொட்டை மேல் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். வயிற்றைத் தொட்டுக்கொண்டு, முதல்முறையாகச் சிரித்தார். பூவாத்தாள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். இந்தப் பத்து நாளும் உங்களுக்குப் பயமே இல்லையா?"

"இருந்துச்சுங்க. கண்ணு மூடலைங்க" என்றாள் அவள்.

"பூனை செத்துப்போயிடும்னா? இல்லை, ஊசிக்கா?"

"அதுக்கெல்லாம் இல்லீங்க. எனக்கு ஒண்ணு ஆனா அது என்ற தப்புக்குங்க. உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா, நீங்க என்ற பேச்சை நம்புனதுக்கல்லங்க? இருவது வருசமா பேசறேன். என்ற பேச்சை நம்பி ஒருத்தரு உசிரை வெச்சது இதுதானுங்க மொதத் தடவை."

டாக்டர் மோரைக் குடித்து முடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். கணக்கு முடிந்தது, இனி வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

பதினோராம் நாள் காலை எட்டு மணிக்கு அவர் வந்தார். பூவாத்தாள் ஏன் என்று கேட்கவில்லை. மணியகாரனை மடியிலிருந்து தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, மோர் கலக்க உள்ளே போனாள்.